நெய்யும் நெஞ்சும் தாய்மொழியும்

'தமிழ் சோறு போடுமா?' என்னும் கேள்வியைத் தமிழ்ப் பகைவர் ஒவ்வொருவரும் தாமே புதிதாய்க் கண்டறிந்ததுபோல் எழுப்பி வருகின்றனர். சோறு போடுகின்றவன் உழவன். அச்சோற்றின்மேல் ஊற்றும் நெய்களுள் எது நெஞ்சைக் காக்கும், எது நெஞ்சை அடைக்கும் என்று அவ்வுழவனுக்கு எடுத்துரைக்க வேண்டியவன் மருத்துவன். விளங்கும் மொழியில் உரைத்தால் உழவன் பிழைப்பான். விளங்கா மொழியில் உரைத்தால் உரைத்தவன் கடமை தீர்ந்ததேயன்றிக் கேட்டவன் உயிர் காப்புற்றதாகாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: தமிழனுக்கு விளங்காத ஆங்கிலம் தமிழன் உயிரைக் காக்குமா?

நெஞ்சு கனக்கின்றதென்று மருத்துவமனைக்குச் செல்லும் தமிழன் கையில் குருதி ஆய்வுத்தாள் ஒன்று கொடுக்கப்படுகின்றது. ஆய்ந்தது அவன் குருதியை. ஆய்வுக்குச் செலவானது அவன் காசு. அதன் முடிவைப் பொறுத்தது அவன் உயிர். ஆயினும் அத்தாளிற் பெரும்பாலும் ஒரு சொல்லேனும் அவன் மொழியில் இருப்பதில்லை. எண்கள் சில தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவை உயர்வா தாழ்வா, நன்றா தீதா என்று அவனுக்குத் தெரியாது. 'கொலசுட்ரால் இருக்கிறது, எண்ணெயைக் குறை' என்று ஒரு வரி சொல்லி மாத்திரை எழுதித் தருகின்றார் மருத்துவர். 'எனக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டதாம்' என்று வீட்டிற் சொல்ல, வீடே சிரிக்கின்றது. தமிழிற் கொழுப்பென்றால் செருக்கு என்றும் பொருளன்றோ! ஒரு திங்கள் மாத்திரை உண்கின்றான். உடம்பில் நோவொன்றும் தெரியாமையால் நிறுத்திவிடுகின்றான். உள்ளே குழாய் அடைபட்டுக்கொண்டே வருவதை அவனுக்குச் சொன்னவர் யார்?

சொல்ல முடியாத செய்தியன்று அது. கொலசுட்ரால் என்பது மெழுகு போன்றதொரு பொருள். பித்தப்பைக் கல்லினின்று பிரித்தறியப்பட்ட அப்பொருளுக்கு 1815-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரெல் கிரேக்க மொழியிற் பெயரிட்டார். பித்தம், திண்மை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். அதை நாள்தோறும் ஒப்பிக்கும் தமிழ் மருத்துவருள் எத்தனைபேர் அதன் பொருளுணர்ந்து ஒப்பிக்கின்றனர் என்பது ஆயத்தக்கது. குருதியில் அளந்து காணப்படும் அம்மெழுகைக் குருதிக்கொழுப்பு என்றால், எழுதப் படிக்கத் தெரியாத முதியவளுக்கும் ஓரளவேனும் விளங்கும்.

குருதிக்கொழுப்பு நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் புறச்சவ்விலும் அஃது உண்டு. பித்தநீரின் கூறுகளும் சில சுரப்புகளும் அதனின்றே ஆகின்றன. உடலுக்கு வேண்டியதிற் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிய உறுப்புகள் தாமே ஆக்கிக்கொள்கின்றன. மெழுகு நீரோடு கலவாது. ஆகலின் அது குருதியிற் சிறுசிறு பொதிகளாகவே ஏற்றிச் செல்லப்படுகின்றது. கல்லீரலினின்று புறப்பட்டு உடலெங்கும் கொழுப்பைக் கொண்டுசெல்லும் பொதியையே எல்.டி.எல். என்கின்றனர். மக்கள் 'கெட்ட கொழுப்பு' என்பது இதனைத்தான். இப்பொதிகள் மிகுந்து, ஆண்டுக்கணக்கிற் குருதியில் உலவிக்கொண்டிருந்தால், குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அங்கே அழற்சியும் படிவும் உண்டாகும். ஒருநாள் அப்படிவு கீறிக்கொள்ளும், கீறிய இடத்திற் குருதி உறையும், குழாய் அடைபடும், நெஞ்சாங்குலைத் தசை குருதியின்றி மடியத் தொடங்கும். மாரடைப்பு என்பது அவ்வளவே. ஒரு நொடியில் வந்ததுபோல் தோன்றுவது, உண்மையில் இருபது முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது.

1913-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் அனிச்சுக்கோவ் முயல்களுக்குக் கொலசுட்ராலை ஊட்டி, அவற்றின் குழாய்ச் சுவர்களில் இப்படிவு தோன்றக் கண்டார். கல்லீரலின் உயிரணுக்களில் எல்.டி.எல். பொதியைப் பற்றி உள்ளிழுக்கும் வாயில்கள் உண்டென்பதைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் பிரௌன், கோல்டுசுடைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெண்ணெய், நெய், கொழுத்த இறைச்சி முதலியவற்றில் மிகுந்துள்ள உறையும் கொழுப்பு, அதாவது பாடநூல்கள் நிறைவுற்ற கொழுப்பு என்பது, அவ்வாயில்களைக் குறைத்துவிடுகின்றது. வாயில் குறைந்தால் பொதிகள் குருதியிலேயே தேங்கும். ஆகவே பெரும்பாலோர்க்கு, உணவிலுள்ள கொலசுட்ராலைவிட உணவிலுள்ள உறையும் கொழுப்பே குருதிக்கொழுப்பை மிகுதியாக உயர்த்துகின்றது. முட்டை ஒன்றைக் கண்டு அஞ்சுபவர், வெண்ணெயும் வறுவலும் கண்டு அஞ்சாமை அறியாமையின்பாற்பட்டது.

இவ்வறிவு நூலில் இருந்தால் மட்டும் போதாது. அடுக்களைக்கு வந்துசேர வேண்டும். அங்ஙனம் வந்துசேர்ந்த வரலாறு ஒன்று பின்லாந்து நாட்டில் உண்டு. தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது அது.

1958-இல் தொடங்கிய ஏழுநாட்டு ஆய்வில், நெஞ்சாங்குலை நோய்ச் சாவு மிகுந்திருந்தது பின்லாந்தின் கிழக்குப் பகுதியில். மிகக் குறைந்திருந்த இடங்களுள் ஒன்று கிரேக்க நாட்டின் கிரீத்துத் தீவு. கிரீத்துத் தீவினரும் எண்ணெயைத் தாராளமாகவே உண்டனர். ஆனால் அஃது ஒலிவ எண்ணெய். பின்லாந்தினர் உண்டது வெண்ணெய். கொழுப்பின் அளவினும் கொழுப்பின் வகையே பெரிதென்பதை இவ்வேறுபாடு காட்டிற்று. கிழக்கெல்லையில் உள்ள வட கரேலியா என்னும் மாநிலம், காடு வெட்டியும் கறவை மாடு வளர்த்தும் வாழ்ந்த ஏறத்தாழ 1,80,000 மக்களைக் கொண்டது. பத்து ஆடவருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் அப்பத்தில் வெண்ணெயே தடவி உண்டனர். பாதிக்கு மேற்பட்ட ஆடவர் புகை குடித்தனர். உழைக்கும் அகவையிலேயே ஆடவர் மாண்டுவிழ, கைம்பெண்கள் பெருகினர். 1971-இல் அம்மாநிலத்தார் தம் அரசுக்கு முறையீடு விடுத்தனர். 1972-இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியவர், முப்பது அகவை நிரம்பாத இளம் மருத்துவர் பெக்கா புசுக்கா.

அவர் செய்தது என்ன? மருத்துவமனை கட்டிக்கொண்டு உள்ளே அமர்ந்திருக்கவில்லை. சிற்றூர்தோறும் சென்றார். மார்த்தா என்னும் இல்லத்தரசியர் கழகத்தைத் துணைக்கொண்டார். அக்கழகம் 1899-இல், உருசியப் பேரரசு பின்லாந்தின் உரிமைகளை நெரிக்கத் தொடங்கிய ஆண்டில், பெண்களுக்கு அறிவூட்டவெனத் தோன்றியது. அப்பெண்கள் ஊர்க்கூடங்களில் ஒன்றுகூடி, வெண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டி, உண்ணவும் செய்தனர். பால்பண்ணையார் எதிர்த்தனர், அவர்களுட் சிலர் பெர்ரிப் பழம் பயிரிடத் துணைசெய்யப்பட்டனர். குளிர்நாட்டில் விளையும் கடுகினப் பயிரின் எண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. 1990-களில் எந்த ஊரார் தம் குருதிக்கொழுப்பை மிகுதியாகக் குறைக்கின்றனர் என்று ஊர்களுக்கிடையே போட்டியே நடந்தது. 1972-இல் ஆடவர் குருதிக்கொழுப்பு நிரவலாக ஏறத்தாழ 265 மில்லிகிராம். முப்பத்தைந்து ஆண்டுகளில் அஃது ஏறத்தாழ 210-க்கு இறங்கிற்று. நாற்பது ஆண்டுகளில், 35 முதல் 64 அகவை வரையுள்ள ஆடவரிடையே நெஞ்சாங்குலை நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. புகை குறைந்ததும், குருதியழுத்தம் தணிந்ததும், புதிய மருத்துவமும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் குருதிக்கொழுப்பு இறங்கியதே முதற்கரணியம் என்பது ஆய்ந்தோர் முடிவு.

இவ்வளவும் எந்த மொழியில் நடந்தன? பின்னிய மொழியில். 1972-இல் பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 46 இலக்கம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ 7 கோடிக்கு மேல். அச்சிறிய இனத்தின் மொழி ஒருகாலத்தில் ஆளும் மொழியாகவும் இல்லை, கல்லூரி மொழியாகவும் இல்லை. 1809 வரை அந்நாட்டைச் சுவீடன் ஆண்டது. அதன்பின் 1917 வரை உருசியா ஆண்டது. அலுவலகத்திலும் கல்விக்கூடத்திலும் சுவீடிய மொழியே கோலோச்சிற்று. பின்னிய மொழி உழவர் மொழி, அறிவியலுக்கு உதவாத மொழி என்று கற்றவரே எள்ளினர். 1863-இல்தான் அதற்கு அலுவல் உரிமை தரும் ஆணை பிறந்தது.

அதற்கும் முன்பே ஒரு மருத்துவர் அம்மொழிக்கு உழைத்தார். எலியாசு லோன்ரோத்து என்பது அவர் பெயர். கரேலியச் சிற்றூர்களிற் கால்நடையாய்த் திரிந்து, முதியோர் வாய்ப்பாடல்களைத் திரட்டி, 1835-இல் கலேவலா என்னும் பின்னிய நாட்டுப் பெருங்காப்பியத்தைத் தொகுத்தளித்தவர் அவரே. அக்கையாலேயே 1839-இல், உழவர் தம் வீட்டில் வைத்துப் படித்துணரத்தக்க மருத்துவ நூலொன்றையும் பின்னிய மொழியில் எழுதினார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார். காய்ச்சலுக்கும், நெஞ்சினின்று குருதி செல்லும் குழாய்க்கும், நெஞ்சுக்குக் குருதி திரும்பும் குழாய்க்கும் அவர் ஆக்கிய சொற்களையே பின்லாந்து மருத்துவர் வழங்கி வருகின்றனர். புசுக்கா ஊர்க்கூடத்திற் குருதிக்குழாயைப் பற்றிப் பேசியபோது, காடு வெட்டுவோனுக்கும் விளங்கும் சொல் ஏற்கெனவே அணியமாய் இருந்தது. ஒரு தலைமுறை ஆக்கிய சொல், நூறாண்டு கழித்து இன்னொரு தலைமுறையின் உயிரைக் காத்தது. சொல்லாக்கம் வீண்வேலை என்று நகைப்போர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

தமிழுக்கு இத்தகைய முன்னோர் இல்லையா? உண்டு. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள், பொருந்தும் உணவு பொருந்தா உணவு பற்றியும், மக்கள் நூறாண்டு உயிர்வாழ்வது பற்றியும் நூல் யாத்தவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழ்நூல்களாக வெளியிட்டார். அயலான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இயலும் என்று செய்து காட்டியதைத் தமிழனே இயலாது என்று கைவிரிப்பது நாணத்தக்கது. 2022-இல் போபாலில் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டன. இந்திக்கு இயல்வது தமிழுக்கு இயலாதென்று எந்த அறிவியல் கூறுகின்றது?

இனித் தமிழரின் எண்ணெய்க்கு வருவோர்க்கு, சொல்லே வரலாறு கூறும். எள்ளின் நெய் எண்ணெய். நெய் என்பது நெய்ப்புடைய எதற்கும் பொதுப்பெயர். எள்ளினின்று எடுத்ததே எண்ணெய் என வழங்கிப் பின்னர் எல்லாவற்றிற்கும் பெயராயிற்று. ஒலிவத்தின் பெயரே மேலை மொழிகளில் எல்லா நெய்க்கும் ஆனதுபோன்றது இது. எள்ளெண்ணெய் நூறு கிராமில் உறையும் கொழுப்பு ஏறத்தாழ 14 கிராமே. நிலக்கடலை எண்ணெயில் அஃது 20-க்கு உட்பட்டது. செம்பனை எண்ணெயாகிய பாமாயிலில் ஏறத்தாழ 50. பசுநெய்யில் 60-க்கு மேல். தேங்காயெண்ணெயில் 80-க்கும் மேல்.

செக்கு நின்றுபோன கதை தானாக நிகழ்ந்ததன்று. 1902-இல் செருமானியர் நார்மன், நீர்மமான எண்ணெயில் ஐதரசனை ஏற்றி அதைக் கட்டியாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1937-இல் டால்டா என்னும் பெயரில் அக்கட்டிநெய் இந்தியச் சந்தைக்கு வந்தது. நெய் வாங்க இயலாத ஏழைக்கு நெய்போல் தோன்றியது அது. அம்முறையில் அரைகுறையாய் ஐதரசன் ஏற்றுங்கால் பிறக்கும் டிரான்சு கொழுப்பு, கெட்ட கொழுப்பை உயர்த்துவதோடு நில்லாது நல்ல கொழுப்பையும் தாழ்த்துவது. உணவில் அதற்கு வரம்பு கட்டிய முதல் நாடு தென்மார்க்கு, ஆண்டு 2003. இந்தியாவில் நெய், எண்ணெய் வகைகளில் அது நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்னும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2022-இல். இடைப்பட்ட எத்தனை ஆண்டுகள் ஏழையின் நெஞ்சு விலை கொடுத்தது! தமிழ்நாட்டுப் பங்கீட்டுக் கடைகளில் மலிவாய்ப் பாமாயில் ஆண்டுக்கணக்கில் வழங்கப்பட்டு வந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. எள்ளும் கடலையும் விளையும் மண்ணில், கப்பலேறி வந்த எண்ணெய் ஏழையின் சட்டிக்குள் புகுந்தது.

ஆயினும் இங்கே ஒரு கடுமையான உண்மையைத் தமிழுணர்வாளர் செவிமடுத்தல் வேண்டும். முன்னோர் உண்டது என்பதனாலேயே ஒரு பொருள் மருந்தாகிவிடாது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் தேங்காயெண்ணெயின் உறையும் கொழுப்பு குறைவதில்லை. முன்னோர் விழாநாளில் நெய்யைக் கண்டனர். நாளெல்லாம் ஏரும் ஏற்றமும் இழுத்தனர். நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து, வேளைதோறும் நெய் ஊற்றி உண்டு, 'இது தமிழர் மரபு' என்று கூறுவது மரபாகாது. மரபின் பெயரால் செய்யும் தற்கொலையாகும். காய்ச்சிய எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பொரிக்கும் வடையும் மரபன்று. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இண்டர்ஆர்ட்டு ஆய்வு, தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு பிற மக்களைவிட ஏறத்தாழ ஐந்தாண்டு முன்னரே வருவதைக் காட்டிற்று. புகையிலை, நீரிழிவு, குருதியழுத்தம், தொப்பை ஆகியனவும் கொழுப்போடு கைகோத்தே கொல்கின்றன. தமிழர் உடம்புக்குத் தனி விலக்கு ஒன்றும் இல்லை.

இதனினும் கொடியது, 'ஆங்கில மருந்து வேண்டா' என்று ஊர் ஊராய்ப் பரப்பப்படும் பேச்சு. குருதிக்கொழுப்பைக் குறைக்கும் சுட்டேட்டின் மருந்தை முதன்முதல் பூஞ்சையினின்று கண்டெடுத்தவர் ஆங்கிலரல்லர். சப்பானியராகிய அகிரா எண்டோ. 1994-இல் வெளிவந்த நார்டிக்கு நாடுகளின் ஆய்வில், நெஞ்சாங்குலை நோயுற்ற 4,444 பேரிடை, அவ்வகை மருந்துண்டோர் சாவு உண்ணாதோர் சாவினும் 30 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்துக்கு இனமில்லை, அறிவுக்கு எல்லையில்லை. எதிர்க்க வேண்டியது ஆங்கில மொழியின் ஆட்சியை, அறிவியலையன்று. மாத்திரையை நிறுத்துவது தமிழ்ப்பற்றாகாது. அம்மாத்திரை எதற்கென்று தமிழிற் கேட்டறிவதே தமிழ்ப்பற்று.

இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. குருதி ஆய்வுத்தாள் ஒவ்வொன்றும் தமிழில் இருத்தல் வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் பொருளும் தமிழில் அச்சிடப்படல் வேண்டும். உணவுப் பொதிகளின்மேல் கட்டாயமாகக் குறிக்க வேண்டியவை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழி வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நடுவணரசின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகின்றது. தமிழன் தமிழ்நாட்டிற் காசு கொடுத்து வாங்கும் எண்ணெயில் உறையும் கொழுப்பு எவ்வளவு என்பதைத் தமிழில் தெரிந்துகொள்வது கூடுதலாம். இந்தியில் எழுதுவது போதுமாம்! இவ்வொழுங்குமுறை மாறும்வரை தமிழர் ஓய்தல் கூடாது. பங்கீட்டுக் கடைக்கு எள்ளெண்ணெயும் கடலையெண்ணெயும் வரல் வேண்டும்; அவற்றை விளைக்கும் தமிழுழவனுக்கு உரிய விலை கிடைத்தல் வேண்டும். மருத்துவக் கல்லூரியில் தமிழ் ஏறல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டா வேலையும் ஒன்றுண்டு. தமிழுணர்வுடைய மருத்துவர் ஒவ்வொருவரும் தம்முன் அமரும் நோயாளிக்கு, அவர் குருதியில் ஓடுவது என்ன, அது குழாயை எங்ஙனம் அடைக்கும், அடுக்களையில் எதை மாற்ற வேண்டும் என்பதை ஐந்து நிமையம் தமிழில் எடுத்துரைக்கலாம். மன்றங்கள் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் வைப்பதோடு நில்லாமல், ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சமைத்துக் காட்டலாம். வட கரேலியாவின் பெண்கள் அதைத்தான் செய்தனர். அவர்கள் கையில் ஆட்சியில்லை; படையில்லை; தம் மொழி மட்டும் இருந்தது. தம் கணவரையும் மைந்தரையும் இடுகாட்டு வழியினின்று அம்மொழியாலேயே மீட்டனர்.

தமிழ் சோறு போடுமா என்று கேட்போர்க்கு விடை இதுவே: தமிழ் உயிரைக் காக்கும். காக்க விடுவதும் விடாததும் தமிழர் கையில் உள்ளது.